கண்ணிவெடி அகற்றும் பணிக்கு இணையவழித் தகவல் உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இருந்தபடியே இப்பணிக்கு உதவ விரும்புவோர் பல தரப்பினர். மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்போர், கல்லூரி மாணவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் ஆகியோருடன், போர்க்காலத்தில் வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து வளசரவாக்கத்திலும் போரூரிலும் புழல், கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாம்களிலும் வசிக்கும் குடும்பத்தினரும் இவர்களில் அடங்குவர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இலங்கையைச் சார்ந்தவை. சென்னைவாசிகளின் கையில் நேரடித் தகவல் இருக்கக்கூடிய நாடு அதுவே.

கண்ணிவெடி அகற்றுவது மண்ணில் நடக்கும் வேலை. இணையத்தில் தகவல் பகிர்வதால் அதற்கு என்ன பயன்?

கண்ணிவெடிகளை எடுப்பதை விட, அவை எங்கே இல்லை என்று உறுதி செய்வதற்குத்தான் இத்துறையில் அதிக காலமும் பணமும் செலவாகின்றன. ஒரு மீட்டர் அகலப் பாதையின் முனையில், முகக்கவசமும் மார்புக் கவசமும் அணிந்து மண்டியிட்டிருக்கும் பணியாளரின் கையிலுள்ள உலோகங்காணி, கண்ணிவெடிக்கு மட்டும் ஒலிப்பதில்லை. துருப்பிடித்த ஆணி, சோடா மூடி, துப்பாக்கி ரவையின் வெற்றுக்கூடு, தகரத்துண்டு ஆகிய எல்லாவற்றுக்கும் ஒலிக்கும். ஒலித்த ஒவ்வோர் இடத்தையும் பக்கவாட்டிலிருந்து மெல்லத் தோண்டிப் பார்த்த பின்னரே அடுத்த அடி வைக்க முடியும். வெடி இருக்கவே வாய்ப்பில்லாத நிலத்தில் இப்படி ஒரு குழு மாதக்கணக்கில் உழைத்தால், அந்த உழைப்பு முழுவதும் வேறொரு கிராமத்துக்குக் கிடைக்காமல் போகிறது.

அதனால்தான் சர்வதேசக் கண்ணிவெடி நடவடிக்கைத் தரநிலைகள் மூன்று படிகளை வகுத்திருக்கின்றன. முதலில் ஆவணங்களையும் ஊர்மக்களின் வாக்குமூலங்களையும் திரட்டி ஆராய்வது. பிறகு கருவிகளோடு நிலத்துக்குள் சென்று சோதிப்பது. இறுதியில், உறுதிப்பட்ட பரப்பை மட்டும் முழுமையாகத் துப்புரவு செய்வது. முதல் படி முற்றிலும் தகவலால் நடப்பது. வெளியூரில் இருப்பவர் உதவக்கூடிய இடமும் அதுதான்.

லாவோஸ் நாட்டின் அனுபவம் இதற்குச் சான்று. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அங்கே 20 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட வெடிபொருள்களை வீசின. அந்தப் போர்க்காலக் குண்டுவீச்சுப் பதிவுகளை அமெரிக்கா இந்தோசீன நாடுகளுக்குக் கையளிக்கத் தொடங்கியபோது, எந்தப் பள்ளத்தாக்கில் எந்த ஆண்டில் எந்த வகைக் குண்டு விழுந்தது என்ற விவரம் ஆய்வுக் குழுக்களின் கைக்கு வந்தது. விமானி குறித்த இடமும் குண்டு உண்மையில் விழுந்த இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. எனவே அப்பதிவுகளை மட்டும் நம்பி எவரும் நிலத்தை ஒதுக்குவதும் இல்லை, விடுவிப்பதும் இல்லை. ஆனாலும் எந்த ஊரில் முதலில் விசாரிப்பது என்று தீர்மானிக்க அவை இன்றும் பயன்படுகின்றன.

தகவல் பகிர்வு நல்லெண்ணம் சார்ந்தது மட்டும்தானா, சட்டக் கடமையும் உண்டா?

கடமையும் உண்டு. ஆட்களைத் தாக்கும் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 1997 டிசம்பரில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டு, 1999 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 6-ஆவது பிரிவு, கருவிகள், தொழில்நுட்பம், வல்லுநர் பட்டியல் உள்ளிட்ட தகவல்களை உறுப்பு நாடுகள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது. 7-ஆவது பிரிவின்படி ஒவ்வோர் உறுப்பு நாடும் ஆண்டுதோறும் ஏப்ரல் 30-க்குள், தன்னிடமுள்ள கையிருப்பு, வெடிகள் இருக்கும் அல்லது இருப்பதாக ஐயுறும் பகுதிகள், துப்புரவுப் பணியின் நிலை ஆகியவற்றை ஐக்கிய நாடுகள் அவைக்கு அறிக்கையாக அளிக்க வேண்டும். இந்த அறிக்கைகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. ஒரு நாட்டைப் பற்றி எழுதத் தொடங்குவோர் முதலில் படிக்க வேண்டியவை இவையே. செய்தித்தாள் துணுக்குகளை விட இவை எவ்வளவோ மேல்.

இலங்கை 2017 டிசம்பரில் இவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. அதற்கு 2018 ஜூன் 1 முதல் இது பொருந்துகிறது. புதைந்த வெடிகளை அகற்றி முடிக்க உடன்படிக்கை தரும் பத்தாண்டுக் கெடு 2028 ஜூன் 1 அன்று முடிகிறது. இந்தியா இதில் உறுப்பினர் இல்லை. ஆனால் குறிப்பிட்ட மரபுவழி ஆயுதங்கள் பற்றிய உடன்படிக்கையின் திருத்தப்பட்ட இரண்டாம் நெறிமுறையை இந்தியா ஏற்றிருக்கிறது. கண்ணிவெடி புதைக்கும் தரப்பு அதன் இடத்தைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்பதும், ஆட்களைத் தாக்கும் கண்ணிவெடியில் உலோகங்காணிக்குத் தென்படும்படி குறைந்தது 8 கிராம் இரும்புக்கு ஈடான அடையாளம் இருக்க வேண்டும் என்பதும் அந்த நெறிமுறையின் விதிகளில் அடங்கும்.

தகவல் எங்கே போய்ச் சேர வேண்டும்?

அந்தந்த நாட்டின் தேசிய அமைப்பின் தரவுத்தளத்துக்கு. இலங்கையில் அது தேசிய கண்ணிவெடி நடவடிக்கை மையம். களத்தை ஒட்டிய அலுவலகம் கிளிநொச்சியில் இருக்கிறது. ஹாலோ ட்ரஸ்ட், மேக் ஆகிய பன்னாட்டு அமைப்புகளும், டாஷ், ஷார்ப் ஆகிய இலங்கை அமைப்புகளும், இலங்கை ராணுவத்தின் மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பிரிவும் இம்மையம் ஒதுக்கும் பகுதிகளில் வேலை செய்து, முடிவுகளை அதற்கே அறிவிக்கின்றன.

பல நாடுகளில் இத்தகவல்களைச் சேமிக்க ‘இம்ஸ்மா’ என்ற தகவல் மேலாண்மை மென்பொருள் பயன்படுகிறது. 1998-இல் தொடங்கப்பட்ட ஜெனீவா சர்வதேச மனிதநேயக் கண்ணிவெடி அகற்றல் மையம் அதை உருவாக்கிப் பராமரிக்கிறது. ஐயத்துக்குரிய பகுதி, உறுதி செய்யப்பட்ட அபாயப் பகுதி, துப்புரவு முடித்து விடுவிக்கப்பட்ட பகுதி, நடந்த விபத்து என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிவாக, தேதியோடும் சொன்னவர் யார் என்ற குறிப்போடும் அதில் ஏறும். நீங்கள் அனுப்பும் தகவல் அப்படி ஒரு பதிவாக மாறினால்தான் அதற்குப் பயன் உண்டு. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விருப்பக்குறி இட்டார்கள் என்பதற்கு இங்கே மதிப்பில்லை.

நான் 2008 வரை வன்னியில் இருந்தேன். எங்கள் காணிக்குப் பக்கத்தில் மிதிவெடி புதைத்தது தெரியும். இவ்வளவு காலம் கழித்து அதைச் சொல்வதில் பொருள் உண்டா?

உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலிலுள்ள முகமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் ராணுவம், விடுதலைப் புலிகள் ஆகிய இரு தரப்பு முன்னரங்குகளும் எதிரெதிரே நின்ற அந்தக் குறுகிய நிலப்பரப்பில், ஒரே இடத்தில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தரப்பினர் வெடிகளைப் புதைத்தார்கள். ஒரு தரப்பின் பதிவேடு கிடைத்தாலும் மறு தரப்பினுடையது கிடைப்பதில்லை. மண் அணைகளும் பதுங்குகுழிகளும் இடம் மாறியபோது பழைய வரிசைகள் கணக்கில் வராமல் போயின. அங்கே நடமாடியவர்களின் நினைவுதான் பல இடங்களில் எஞ்சியிருக்கும் ஆவணம்.

சொல்லும்போது சிலவற்றைக் கவனித்துச் சொல்ல வேண்டும். நீங்கள் அந்த ஊரில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தீர்கள், வெடி புதைத்ததைக் கண்ணால் பார்த்தீர்களா அல்லது ஊரில் சொல்லக் கேட்டீர்களா, அந்தப் பக்கம் மாடோ மனிதரோ சிக்கியதுண்டா, எச்சரிக்கைப் பலகையோ கம்பியோ இருந்ததா என்பவை முதல் கேள்விகள். பார்த்ததையும் கேட்டதையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. கேள்விப்பட்டது பயனற்றது என்று யாரும் ஒதுக்கிவிடப் போவதில்லை. அது வேறு வகையில் சரிபார்க்கப்படும், அவ்வளவுதான். இடத்தைச் சொல்லும்போது அழியாத அடையாளங்களைச் சொல்லுங்கள். பனைகள் ஷெல் வீச்சில் தலை இழந்து விழுந்திருக்கும், வீடு அத்திவாரமாகக் கிடக்கும்; ஆனால் கிணறு, குளக்கட்டு, கோயில், தேவாலயம், ரயில் பாதை, மதகு ஆகியவை பெரும்பாலும் நிலைத்திருக்கும்.

இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம். வெடி இருந்தது என்ற தகவலுக்குள்ள மதிப்பு, இல்லை என்ற தகவலுக்கும் உண்டு. “இந்த வயலை 2007 மாரி வரைக்கும் உழுதோம், ஒன்றும் நடக்கவில்லை, அதன் பிறகுதான் ஆமி வந்தது” என்று ஒரு முதியவர் சொல்லும் வாக்கியம், ஐயத்துக்குரிய பரப்பைக் குறுக்கவும், எந்தக் காலத்துக்கு முந்தைய வெடிகள் அங்கே இருக்க வாய்ப்பில்லை என்று கணிக்கவும் ஆய்வாளருக்கு உதவும். இப்படிப்பட்ட வாக்கியங்களை யாரும் கேட்காததால் யாரும் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் அப்பம்மாவோ பெரியப்பாவோ இருந்தால், அவர்கள் சொல்வதை அவர்களுடைய சொற்களிலேயே எழுதிக்கொண்டு, உங்கள் விளக்கத்தைத் தனியே சேர்த்து அனுப்புங்கள்.

முன்பு இயக்கத்தில் இருந்த உறவினருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். அவர் பெயரைச் சொல்ல வேண்டுமா?

அவருடைய சம்மதமின்றி அவர் பெயரையும், அவரை இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் விவரத்தையும் எவருக்கும் அனுப்பக் கூடாது. குழு உரையாடல்களில் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெடி புதைத்தவருக்குத் தெரிந்தது வேறு எவருக்கும் தெரியாது என்பது உண்மைதான்; ஆனால் அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவர் மீதே திரும்பலாம் என்ற அச்சமும் நியாயமானதே. ரகசியம் காக்கப்படும் என்று நாங்கள் வாக்குறுதி தர முடியாது, தருவதும் இல்லை. களத்தில் நீண்டகாலம் வேலை செய்யும் அமைப்பொன்றிடம், தகவல் தருபவரின் அடையாளத்தை எப்படிக் கையாள்வீர்கள் என்று முதலில் கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையைக் கேட்ட பின் முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் உறவினர் ஒருவரே.

இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்து அனுப்பினால் போதாதா?

போதும், எண்கள் சரியாக இருந்தால். தவறு நிகழும் முதல் இடம், டிகிரியும் நிமிடமும். பளை, முகமாலைப் பக்கத்து ஓரிடத்தின் அட்சரேகை 9 டிகிரி 37 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தசம முறையில் அது 9.6167. யாரோ அவசரத்தில் 9.37 என்று தட்டச்சு செய்தால், புள்ளி ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து, கிளிநொச்சி நகரத்தின் அட்சரேகைக்குப் போய்விடும். அந்த எண்ணைப் பார்க்கும் எவருக்கும் அதில் பிழை இருப்பதாகத் தோன்றாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. ஆகவே எண்ணோடு ஊரின் பெயர், அருகிலுள்ள கிணற்றிலிருந்தோ சந்தியிலிருந்தோ எத்தனை அடி, எந்தத் திசை என்பதையும் எழுத்தில் சேர்த்து விடுங்கள். இரண்டும் முரண்பட்டால் பிழை தானாக வெளிப்படும்.

தசமத்தில் ஐந்தாவது இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரையும், நான்காவது இலக்கம் 11 மீட்டரையும் குறிக்கும். ஆனால் வரைபடத்தை விரலால் தொட்டுக் குறித்த நினைவுப் புள்ளிக்கு ஏழெட்டு இலக்கங்கள் எழுதுவது, இல்லாத துல்லியம் இருப்பதாகக் காட்டும். “சுமார் 50 மீட்டர் அப்படி இப்படி இருக்கலாம்” என்று வெளிப்படையாக எழுதுவதே நேர்மையானதும் பயனுள்ளதும்.

பழைய நில அளவைத் தாள் வரைபடத்திலிருந்து எண்களை எடுப்போர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பூமியின் வடிவத்தைக் கணக்கிடும் பழைய முறையான எவரெஸ்ட் நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்ட அந்த வரைபடங்களின் எண்களை, இன்றைய கைப்பேசிகள் பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில் அப்படியே இட்டால், புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழலாம். எண்ணை நீங்களே மாற்றாமல், எந்த வரைபடத்திலிருந்து எடுத்தது, அது எந்த ஆண்டு அச்சிட்டது என்று குறிப்பிட்டு அனுப்பினால் மாற்றும் வேலையைத் தகவலைப் பெறும் அமைப்பினர் பார்த்துக்கொள்வார்கள்.

படம் அனுப்புவதாக இருந்தால், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அதனுள் பதிந்திருக்கும் இடமும் நேரமும் நீங்கிவிடும். ஆவணமாக இணைத்தால் அவை தங்கும். படம் எடுப்பதற்காக எவரும் அந்த இடத்துக்குப் போகக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தோம், சொல்ல வேண்டியிருக்கிறது.

முகநூலில் போட்டால் ஆயிரம் பேருக்கு உடனே போய்ச் சேருமே?

போய்ச் சேரும், திரும்பி வராது என்பதுதான் சிக்கல். ஒரு தோட்டத்தில் மிதிவெடி இருப்பதாக இன்று நீங்கள் இடும் பதிவு, அந்தத் தோட்டம் துப்புரவாகி உரிமையாளரிடம் கையளிக்கப்பட்ட பின்னரும் தேதி நீங்கிய படமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து ஒரு குடும்பம் மீள்குடியேறத் தயங்கும், வங்கி கடன் கொடுக்க யோசிக்கும், காணியின் விலை இறங்கும். மறுபக்கமும் உண்டு. “அந்தப் பக்கமெல்லாம் கிளியர் பண்ணியாச்சு” என்று யாரோ போடும் ஒரு வரி, சிவப்புப் பலகைக்கு அப்பால் விறகு பொறுக்கப் போகத் துணிச்சல் தந்துவிடும். இரண்டில் இரண்டாவதுதான் உயிரை வாங்கக்கூடியது.

பொதுவெளியில் தாராளமாகப் பகிரத்தக்கவையும் இருக்கின்றன. சந்தேகத்துக்குரிய பொருளைத் தொடாதீர்கள், வந்த வழியே விலகுங்கள், அறிவியுங்கள் என்ற அபாயக் கல்விச் செய்திகள், தேசிய அமைப்பின் அறிவிப்புகள், நிலக் கையளிப்புச் செய்திகள், ஆண்டறிக்கைகள் ஆகியவற்றை மூலத்தின் பெயரோடும் தேதியோடும் பகிரலாம்.

2015 வெள்ளத்தின்போது சென்னையில் நீர் தேங்கிய தெருக்களை மக்களே வரைபடத்தில் குறித்தார்கள். கண்ணிவெடிக்கும் அப்படிச் செய்யலாமே?

சென்னைக்காரர்கள் அனைவருக்கும் தோன்றும் யோசனை இது. நல்ல மனத்தோடு வருவதும்கூட. ஆனால் இரண்டும் அடிப்படையில் வேறு. தெருவில் தேங்கிய நீர் கண்ணுக்குத் தெரியும். வரைபடம் தவறாக இருந்தாலும் முனையில் வந்து நின்று பார்ப்பவர் திரும்பிவிடுவார். இரண்டு நாளில் நீர் வடிந்ததும் வரைபடமும் காலாவதியாகிவிடும். கண்ணிவெடியோ பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது, பல பத்தாண்டுகள் கிடக்கும், தவறுக்கு இரண்டாம் வாய்ப்புத் தராது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது வரைபடத்தின் வெற்றிடம். வெள்ள வரைபடத்தில் குறிக்கப்படாத தெரு என்றால் யாரும் இன்னும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்வோம். கண்ணிவெடி வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும் இடத்தை மக்கள் பாதுகாப்பான இடம் என்றே வாசிக்கிறார்கள். தன்னார்வலர் வரைபடம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அதில் வெற்றிடங்கள்தான் அதிகமாக இருக்கும். ஒவ்வொரு வெற்றிடமும் வரைந்தவர் கொடுக்காத ஓர் உறுதிமொழியாக மாறிவிடும். இந்த ஒரே காரணத்துக்காக, மக்கள் பங்கேற்புக் கண்ணிவெடி வரைபடம் தொடங்கும் எந்த முயற்சிக்கும் நாங்கள் துணை நிற்பதில்லை. சாலை, கிணறு, பள்ளிக்கூடம், ஊர்ப்பெயர் ஆகியவற்றை, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சரியாகச் சேர்ப்பது வேறு விஷயம். அது ஆய்வுக் குழுக்களுக்கு உண்மையிலேயே உதவுகிறது, அதில் எவ்வளவு வேலை செய்தாலும் நல்லதே.

அப்படியானால் எல்லாத் தரவையும் பூட்டி வைக்க வேண்டும் என்கிறீர்களா?

இல்லை. நிலத்தில் வாழ்பவருக்கு அபாயம் எங்கே என்று தெரிந்தாக வேண்டும். 2014 மே மாதம் போஸ்னியாவில் பெருவெள்ளமும் நிலச்சரிவும் ஏற்பட்டு, 1990-களின் போரில் புதைத்த வெடிகள் இடம் பெயரும் அபாயம் எழுந்தபோது, பழைய கண்ணிவெடி வரைபடங்கள் பொதுமக்களுக்கும் மீட்புப் பணியாளருக்கும் உடனடியாகத் தேவைப்பட்டன. அதே நாட்டில் 2016-இல் ‘போகிமான் கோ’ விளையாட்டில் மூழ்கியவர்கள் எச்சரிக்கைப் பலகைகளைத் தாண்டிப் போவதாகக் கண்ணிவெடி அகற்றும் அமைப்பொன்று எச்சரிக்க வேண்டியிருந்தது. வரைபடம் இருந்தும் பார்க்காமல் போவோருக்கு என்ன செய்வது என்பது தனிக் கேள்வி.

எதை, எவ்வளவு துல்லியமாக, எப்போது வெளியிடுவது என்பதைத் தேசிய அமைப்பு தீர்மானிக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டில் துல்லியமான புள்ளிகள் வெளியானால், வெடிமருந்துக்காகவும் பழைய இரும்புக்காகவும் அவற்றைத் தோண்டி எடுக்க ஆள் வரும். தரவு தந்த கிராமத்தவருக்கும் ஆபத்து. போர் ஓய்ந்த நாட்டிலோ அதே புள்ளிகளை மூடி வைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. அமைப்புகள் தேவைக்கு மேல் ரகசியம் பேணுவதும் நடக்கிறது. அப்போது ஒட்டாவா உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டிக் கேட்பது முறையானதே.

நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வெடிகளைக் கண்டுபிடிக்கும் செயலி உருவாக்கலாமா?

ஆய்வாக உருவாக்கலாம், களத்தில் ஒப்படைக்க முடியாது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி என்பது கடைவீதிக் கூட்டத்தை எண்ணும் மென்பொருளுக்குப் பாராட்டுப் பெற்றுத் தரும். இங்கே விடுபட்ட இரண்டு, இரண்டு கால்கள். கருவிகள் எவ்வளவோ வந்திருந்தும் உலோகங்காணியும் கையும் இன்னும் களத்தை விட்டுப் போகாததற்கு இதுவே காரணம். மோப்ப நாய்களும், ஆப்பிரிக்கப் பெருஎலிகளும் சில நாடுகளில் துணை நிற்கின்றன. கம்போடியாவில் பணியாற்றிய மகாவா என்ற எலிக்கு 2020-இல் பிரிட்டனின் விலங்குநலத் தொண்டு அமைப்பொன்று தங்கப் பதக்கமே வழங்கியது.

உங்கள் திறமைக்கு வேறு இடம் இருக்கிறது, கொஞ்சம் சுவாரசியம் குறைந்த இடம். ஒரே ஊர் ஐந்து எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருக்கும் அட்டவணைகளை ஒழுங்குபடுத்துவது, ஸ்கேன் செய்த பழைய அறிக்கைகளைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றுவது, பழைய செயற்கைக்கோள் படங்களில் மண் அணைகளின் தடத்தை இனங்காண உதவுவது, இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் இயங்கும் படிவங்களைச் சோதிப்பது ஆகியவற்றுக்குக் களத்தில் ஆள் தேவைப்படுகிறது. புதிய செயலி தொடங்கும் முன், அதைப் பயன்படுத்தப் போகும் அமைப்பிடம் அது தேவையா என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். வாரக்கடைசியில் உருவாகி, மறுவாரம் கைவிடப்பட்ட செயலிகளுக்கு இத்துறையில் பஞ்சமில்லை.

மொழிபெயர்ப்பு உதவி தேவையா?

தேவை. தரநிலைகளும் அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன; தமிழில் படிக்கக் கிடைப்பவை சொற்பம். அபாயக் கல்விக்குரிய எதையும் சென்னையில் மொழிபெயர்த்து நேரடியாக வெளியிட வேண்டாம். வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள ஒருவர், முடிந்தால் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர், படித்துப் பார்த்துத் திருத்திய பிறகே அது வெளிவர வேண்டும்.

எத்தனை கண்ணிவெடிகள் உலகில் இருக்கின்றன? ஒவ்வோரிடத்திலும் ஒவ்வோர் எண் இருக்கிறதே?

1990-களில் 10 கோடிக்கும் மேல் என்ற ஓர் எண் உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது; இன்றும் பல கட்டுரைகளில் அது தலைகாட்டுகிறது. எண்ணிப் பார்த்துச் சொன்ன எண் அல்ல அது. பின்னாளில் துறையினரே அதைக் கைவிட்டு, எத்தனை வெடிகள் என்பதற்குப் பதிலாக, எத்தனை சதுர கிலோமீட்டர் நிலம் மக்களுக்குப் பயன்படாமல் கிடக்கிறது என்று அளக்கத் தொடங்கினார்கள். ஒரே ஒரு வெடி இருப்பதாக ஐயம் இருந்தாலும் அந்த வயல் முழுவதும் தரிசாகக் கிடக்கும் என்பதால் பரப்பளவே பொருத்தமான அளவுகோல்.

பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கைக்கு, 1999 முதல் ஆண்டுதோறும் வெளியாகும் ‘லேண்ட்மைன் மானிட்டர்’ அறிக்கையைப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டில் கண்ணிவெடிகளாலும் போரின் வெடிக்காத எச்சங்களாலும் உயிரிழந்தோரும் காயமுற்றோரும் சேர்ந்து 5,757 பேர் என்று அது பதிவு செய்தது. பதிவானவை மட்டுமே இதில் அடங்கும். எண்ணை மேற்கோள் காட்டும்போது ஆண்டையும், உயிரிழப்பா மொத்தப் பாதிப்பா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்களின் படங்களைப் பகிர்ந்து நிதி திரட்டலாமா?

அவர்களே விரும்பி, எங்கே எதற்காக வெளியாகும் என்று தெரிந்து சம்மதித்தால் தவிர, கூடாது. குழந்தைகளின் முகம் எந்நிலையிலும் வேண்டாம். ஒரு நாட்டில் எடுத்த படத்தை வேறொரு நாட்டின் பெயரில் பரப்புவதும் அடிக்கடி நடக்கிறது. நல்ல நோக்கத்துக்காகச் செய்தாலும் அது பொய்தான்.

இந்திய எல்லைப் பகுதிக் கண்ணிவெடிகள் பற்றித் தகவல் திரட்டுகிறீர்களா?

இல்லை. 2001-2002 காலத்தில் பாகிஸ்தான் எல்லையோரம் பெருமளவில் வெடிகள் புதைக்கப்பட்டதும், பின்னர் ராணுவம் அவற்றை அகற்றியதும் பொதுவெளியில் உள்ள செய்திகள். அதற்கு மேல் இடவிவரங்களை வெளியாட்கள் திரட்டுவதும் வெளியிடுவதும் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

சென்னையிலேயே பழைய வெடிபொருள் போன்ற ஒன்றைப் பார்த்தால் என்ன செய்வது?

தொடாமல், நகர்த்தாமல், கைப்பேசியை அருகில் கொண்டுபோய்ப் படம் எடுக்காமல் விலகி வந்து, மற்றவரையும் விலக்கிவிட்டு, 112 அல்லது 100 எண்ணில் காவல்துறைக்குச் சொல்லுங்கள். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வருவார்கள். பழைய இரும்புக் கடைகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்வோர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். போர் நடந்த நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் கழிவு இரும்போடு வெடிக்காத குண்டுகளும் வந்து சேர்ந்ததுண்டு. 2004-இல் டெல்லிக்கு அருகே காசியாபாத்தில் ஓர் உருக்காலையில் அப்படி வந்த குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். உருளையாகவோ கூம்பாகவோ, ஒரு முனையில் சிறகுகளோடோ இருக்கும் துருப்பிடித்த பொருள் குவியலில் கண்ணில் பட்டால், அதை எடை போடும் தட்டுக்குக் கொண்டுபோகாமல் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அந்தச் சரக்கு வந்த பெட்டக எண்ணைக் குறித்து வைத்துக் காவலரிடம் கொடுங்கள்.